கரையைத் தொடும்வரை

மார்ச் 3

அன்புள்ள குட்டிக்கு,

அக்கா எழுதுவது. போனில் பேசினால் பாதியிலேயே அழுகை வந்துவிடுகிறது, அதனால்தான் கடிதம். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டால் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன் என்பாய். அதனால் கேட்கப்போவதில்லை.

உன் அத்தானை இன்று ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோனார்கள். நீ பதிவுசெய்து அனுப்பிய உன் குரலைக் காதில் போட்டுவிட்டார்கள். "அத்தான், தொடங்குங்கன்னு சொன்னதும் நீந்துற மாதிரி நினைங்க. நிறுத்துங்கன்னதும் சும்மா இருங்க." நீச்சல் பயிற்சியாளருக்கு இதைவிடப் பிடித்த வேலை கிடையாது. ஸ்கூட்டரிலிருந்து விழுந்த நாள் முதல் கூரையைப் பார்த்தபடியே கிடக்கிற மனிதர், உள்ளுக்குள் நீந்தியிருப்பாரா?

பெரிய டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். நாம் பேசுவது அவருக்குப் புரிகிறது என்று நீ அலசிப் பார்க்கப்போகும் மூளைப் படங்கள் காட்டினால் இங்கேயே பயிற்சிப் பிரிவில் வைத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் எங்கோ தொலைவில் இருக்கும் பராமரிப்பு இல்லம். பள்ளிக்கூட வேலையை வைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை போய்ப் பார்த்தாலே பெரிது.

தினமும் பள்ளி விட்டதும் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாக் கதையும் பேசுகிறேன். முன்பெல்லாம் "ரேடியோ, கொஞ்சம் ஆஃப் ஆகேன்" என்பார். இப்போது ஆஃப் செய்ய ஆளில்லை.

ஒன்று கேட்பேன், கோபிக்காதே. படத்தில் ஒன்றும் இல்லாவிட்டாலும் இருக்கிறது என்று எழுதிவிடேன்.

உன் அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

மூளையில் ஓர் இடம் வேலை செய்தால் அங்கே ரத்தம் கூடுதலாகப் பாயும். அதைத்தான் படம் பிடிக்கிறோம். ஆனால் மூளை எந்நேரமும் ஏதாவது செய்துகொண்டேதான் இருக்கும். அதனால் நீந்தச் சொன்ன நேரத்துப் படத்திலிருந்து சும்மா இருக்கச் சொன்ன நேரத்துப் படத்தைக் கழிப்போம். மிஞ்சுவதுதான் விடை. அத்தானுக்கும் அப்படியே கழித்தேன். திரும்பத் திரும்பக் கழித்தேன். ஒன்றும் மிஞ்சவில்லை.

அதனால் அவர் உள்ளே இல்லை என்று அர்த்தமில்லை, அக்கா. தூங்கிப்போயிருக்கலாம், களைத்திருக்கலாம். ஆனால் இருக்கிறார் என்று எழுத என்னால் முடியாது. ஒருமுறை பொய் எழுதிவிட்டால், அப்புறம் நான் எழுதும் எதையும் நீயே நம்ப மாட்டாய்.

திட்டு, வாங்கிக்கொள்கிறேன். பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் குட்டி

மார்ச் 19

குட்டிக்கு,

ஆறாம் வகுப்புக்கு வருஷம் முழுக்கக் கணக்கு சொல்லித்தருகிறவள் நான். எனக்கே கழித்தல் பாடம் எடுக்கிறாய். இருக்கட்டும்.

மாதக் கடைசியில் அவரை இல்லத்துக்கு மாற்றக் கையெழுத்துப் போடுகிறேன். பெட்டி அடுக்கும்போது அவருடைய நீச்சல் கண்ணாடி கிடைத்தது. என்ன பிடிவாதம் அந்த மனிதருக்கு! சாப்பாடு ஆறுகிறது என்று குளத்தின் ஓரத்தில் நின்று எத்தனை நாள் கத்தியிருப்பேன். "போதும், நிறுத்துங்க" என்றால் காதிலேயே வாங்க மாட்டார். கரையைத் தொட்டுத் திரும்பி, மறுபடியும் தொட்டு, தன் கணக்கு முடிந்தால்தான் தலையைத் தூக்குவார். கேட்டால், "தண்ணிக்குள்ள இருக்கிறவனை நடுவுல நிறுத்துன்னா எப்படி? மூழ்கிட மாட்டேனா?" என்பார். பிள்ளைகளுக்கும் இதையேதான் சொல்லிக்கொடுத்தார்.

இந்தக் கண்ணாடியை அவரோடு கொடுத்தனுப்புவதா, வீட்டில் வைத்துக்கொள்வதா? இதற்காவது ஒரு பதில் எழுது.

அக்கா

மார்ச் 24

அக்கா,

கையெழுத்துப் போட்டுவிடாதே. உன் கடிதத்தைப் பஸ்ஸில் படித்தேன், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். மூளையைப் படிக்கிற எனக்கு மூளையே இல்லை. நீந்துகிற அத்தான், "நிறுத்துங்க" என்றால் நிறுத்துவாரா? நிறுத்தாவிட்டால் இரண்டு நேரமும் நீந்திக்கொண்டுதானே இருந்திருப்பார்? நீச்சலிலிருந்து நீச்சலைக் கழித்தால் என்ன மிஞ்சும்? நீயே சொல், கணக்கு டீச்சர்.

என் குரல் கேட்பதற்கு முந்தைய அமைதியான நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். கையசைவை நினைக்கும் இடம் தொடக்கத்திலேயே எழும்பி, கடைசிவரை இறங்கவேயில்லை. இயந்திரத்தின் கோளாறாலும் இப்படித் தோன்றலாம். அதனால் இதை விடை என்று சொல்ல மாட்டேன். மறுபடி எடுக்க வேண்டும், பெரிய டாக்டர் சம்மதித்துவிட்டார். இந்த முறை நீயே மைக்கில் பேசு. "நிறுத்துங்க" என்ற பேச்சே வேண்டாம். "கரையைத் தொட்டாச்சு, ஏறி வாங்க, துவட்டிக்கங்க" என்று சொல்.

கண்ணாடி வீட்டிலேயே இருக்கட்டும்.

குட்டி

ஏப்ரல் 15

என் தங்கமான குட்டிக்கு,

பெரிய டாக்டர் உன் புதுப் படங்களைக் காட்டினார். நீந்தச் சொன்னபோதெல்லாம் எழும்பி, ஏறி வரச் சொன்னபோதெல்லாம் அடங்கியிருந்தது. "உங்க வீட்டுக்காரர் கேட்டுக்கிட்டுத்தாம்மா இருக்கார்" என்றார். அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். பயிற்சிப் பிரிவில் கட்டில் கொடுத்துவிட்டார்கள். இத்தனை நாள் நான் உன்னைத் திட்டியதையும் கேட்டிருக்கிறார் பார்!

நேற்று அவரிடம் ஒரு கேள்வி கேட்கவிட்டார்கள். ஆமாம் என்றால் நீந்த வேண்டும், இல்லையென்றால் கரையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். வலிக்கிறதா என்று கேட்கச் சொல்லியிருந்தாய். மைக்கைப் பிடித்ததும் வாயில் வேறு வந்துவிட்டது. "ஏங்க, ரேடியோ ஓடட்டுமா?"

நேற்றிலிருந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாயே திறக்கவில்லை. விரலை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். பயமாக இருக்கிறது, குட்டி. இல்லை என்றால் இல்லை என்றே எழுது. பொய் எழுதிவிடாதே.

உன் அக்கா

ஏப்ரல் 22

அன்புள்ள அக்காவுக்கு,

அறிக்கையில் "விடை தெளிவில்லை" என்றுதான் எழுதியிருக்கிறேன். கழித்துப் பார்த்தால் ஒன்றும் மிஞ்சவில்லை. அதற்குமேல் எழுத எனக்கு உரிமையில்லை. வலியைப் பற்றி அடுத்த முறை கட்டாயம் கேட்டாக வேண்டும்.

இனி எழுதுவது உன் தங்கை மட்டும். நீ கேட்டு முடித்ததும் கையசைவை நினைக்கும் அந்த இடம் எழும்பியது. "கரையைத் தொட்டாச்சு, ஏறி வாங்க" என்று நீ கெஞ்சுவது பதிவில் கேட்கிறது. போன முறை ஒவ்வொரு தடவையும் சமர்த்தாக ஏறி வந்த மனிதர், இந்த முறை ஏறவேயில்லை. இயந்திரத்தை நிறுத்தும்வரை நீந்திக்கொண்டே இருந்தார்.

போய்ப் பேசு, அக்கா. சாப்பாடு ஆறினால் ஆறட்டும்.

உன் குட்டி