கூஜா மூடியின் சத்தம்

பிரபவ வருஷம், தை 12
ரங்கூன் கப்பல்

சௌபாக்கியவதிக்கு,

நீ தைத்துக் கொடுத்த திண்டுகளைப் போட்டுப் பார்த்துவிட்டேன். தேங்காய் நார் அடைத்ததை மெத்தைக்கு அடியிலும், இலவம்பஞ்சு அடைத்ததைக் கட்டிலுக்கும் இரும்புச் சுவருக்கும் நடுவிலும் வைத்தேன். இயந்திரம் என் கேபினுக்கு நேர்கீழே ஓடுகிறது. ஆனாலும் உடம்பில் அதிர்வு தெரியவில்லை. ஓயாமல் கடகடத்த கூஜா மூடிகூட, சின்னத் திண்டின்மேல் வைத்ததும் அடங்கிவிட்டது. பக்கத்துக் கேபின்காரர் வந்து தொட்டுப் பார்த்து, "யாரு செஞ்சு குடுத்தாக?" என்றார். கடையில் வாங்கியது என்றேன்.

போன பயணத்தில் நீயும் வருவதாகச் சொன்னாய். அந்த ஆட்டத்திலும் சத்தத்திலும் பொம்பளை படுக்க முடியாது என்றேன். நீ நம்பினாய். கப்பலையே பார்க்காதவள், பள்ளத்தூரில் இருந்துகொண்டே அதற்கு வழியும் கண்டுபிடித்தாய். "போட்டுப் பாத்துட்டு எழுதுங்க. சத்தம் அடங்கிருச்சுன்னா அடுத்த கப்பல்ல நான் வாரேன்" என்று கட்டிக் கொடுத்தாய்.

அடங்கிவிட்டது.

இன்று காலை எல்லாத் திண்டுகளையும் எடுத்துச் சுருட்டி வைத்துவிட்டேன். மூடி மறுபடியும் கடகடக்கிறது. இந்தச் சத்தத்தில்தான் என்னால் எழுத முடிகிறது.

கப்பல் அதிர்வது உண்மை. உன்னை வர வேண்டாம் என்றதற்குக் காரணம் அது இல்லை.

ரங்கூன் வீட்டில் நாலு வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது. நம் மகனைப் போலவே என்னை அப்பச்சி என்று கூப்பிடுகிறது. அப்படிக் கூப்பிடச் சொல்லிக்கொடுத்தவனும் நான்தான்.

இப்படிக்கு,
உன்னைக் கைப்பிடித்தவன்