ஏரி அளவுதான்பா

ஜனவரி 14, உவான்சாக்கோ, பெரு

கடலைப் பார்த்துவிட்டேன். இருபத்தேழு வயதில்! பேருந்தில் பழக்கமான பெரு நாட்டுக்காரி ஃபியோரெல்லா, "வாயை மூடுடி, ஈ புகுந்துடும்" என்றாள். முதுகுப்பையைக்கூட இறக்காமல் நின்றிருந்தேன்.

மாலையில் அப்பாவிடம் போனில் பேசினேன். எங்கள் பொலிவியாவில் கடல்தான் இல்லை, கடற்படை உண்டு. அப்பா அதில் முப்பது வருடம் இருந்தார், அத்தனையும் டிடிகாக்கா ஏரியில். கடலை அவர் பார்த்ததே இல்லை.

"எப்படி இருக்கு? நம்ம ஏரி அளவு இருக்குமா?"

என்னவென்று சொல்வது?

"ஏரி அளவுதான்பா."

"நெனச்சேன்!" என்றார். குரலில் அத்தனை சந்தோஷம்.

ஜனவரி 16

விடுதிக்கு லவ்தாரோ என்று ஒருவன் வந்திருக்கிறான். தச்சன். மூன்று பேருமாக வடக்கே போகலாம் என்று பேச்சு. ஆனால் சிலிக்காரன். அதிலும் அன்டோஃபகாஸ்டா! அந்தக் காலப் போரில் அவர்கள் எங்களிடம் பிடுங்கிய கரை. பள்ளி வரைபடத்தில் அந்த ஊருக்கு எங்கள் நாட்டு வண்ணம் அடித்தே வளர்ந்தவள் நான்.

சாப்பிடும்போது உப்பை நீட்டினான்.

"திருடன் கையால உப்பு வாங்க மாட்டேன்."

"அதுவும் உங்களுதுதானாம். வாங்கிக்க."

ஃபியோரெல்லாவுக்குப் புரையேறிவிட்டது.

பிப்ரவரி 2, மான்கோரா

அவர்கள் இரண்டு பேரும் தண்ணீரில் மீன்தான். நான் கணுக்காலோடு சரி. ஊர் ஏரி பனியாகச் சில்லிடும், அதில் யார் நீந்தக் கற்றார்கள்?

லவ்தாரோ திரும்பி வந்தான். கையைப் பிடித்து இழுக்கவில்லை. அவனும் என் பக்கத்தில் கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டான். "உன்னோட கடலாச்சே. எப்ப இறங்கணும்னு நீதான் சொல்லணும்" என்றான்.

கிண்டல்தான். ஆனாலும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிப்ரவரி 3

மார்பளவு!! லவ்தாரோதான் நீச்சல் சொல்லித் தருகிறான்; அப்பாவிடம் நீச்சல் பழகுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

பிப்ரவரி 20, மொன்டானிட்டா

ஆமாம், அவனைப் பிடித்திருக்கிறது. ரொம்ப. எழுதியாகிவிட்டது, போதும்.

"எனக்கு எப்பவோ தெரியும்" என்கிறாள் ஃபியோரெல்லா. "உங்கப்பாவுக்கு எப்பச் சொல்லப்போறே?"

அப்பாவுக்கா? சிலி திருப்பித் தரும்வரை அந்தக் கரையை மிதிக்க மாட்டேன் என்று வருடம் தவறாமல், இழந்த கரையை நினைக்கும் கடல் தினத்தன்று சபதம் செய்கிறவர்.

மார்ச் 5, குவாயாகில்

ஆற்றங்கரையில் உட்கார்ந்து அப்பாவிடம் போனில் சொல்லிவிட்டேன். அவனோடு அவன் ஊரில் வாழப்போகிறேன் என்று.

"எந்த ஊரு?"

சொன்னேன். "உலகத்துல வேற ஊரே கெடைக்கலையா உனக்கு?" போனை வைத்துவிட்டார்.

கெடைக்கலையேப்பா. நான் என்ன பண்ணட்டும்?

மார்ச் 9

அப்பா எடுக்கவில்லை.

மார்ச் 12

தெற்கே திரும்பும் வழியில் ஃபியோரெல்லா அவள் ஊரில் இறங்கிக்கொண்டாள். கட்டிப்பிடித்து, "அப்பா மனசு கல்லு இல்லடி" என்றாள். அவளுக்கு என் அப்பாவைத் தெரியாது.

மார்ச் 23, அன்டோஃபகாஸ்டா

கடல் தினம். ஊரில் அப்பா சீருடை போட்டு ஊர்வலத்தில் நடந்துகொண்டிருப்பார் என்று நினைத்தேன். அவரே கூப்பிட்டார்.

"ஊர்வலத்துல நிக்க முடியலை. பாதியிலயே வீட்டுக்கு வந்துட்டேன்."

"உடம்புக்கு என்னப்பா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. அந்தப் பையன்தான் உனக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்தானா?"

"ஆமாப்பா."

"ம். அங்க வர்றப்ப சீருடை எடுத்துட்டு வரட்டுமா?"

"வேண்டாம்பா. துண்டு எடுத்துட்டு வாங்க."

ஏப்ரல் 11

பேருந்து நிலையத்தில் லவ்தாரோ, "வாங்க மாமா" என்றான். "யாருடா உனக்கு மாமா?" என்றார் அப்பா. பெட்டியை மட்டும் அவனிடம் கொடுத்துவிட்டார்.

நேராகக் கடற்கரைக்குத்தான் போக வேண்டும் என்றார். கால்சட்டையை மடித்துக்கொண்டு, காலணியைக் கையில் பிடித்தபடி கணுக்கால் தண்ணீரில் நின்றார். லவ்தாரோ இரண்டடி தள்ளி நின்றான்.

என்னைப் பார்க்காமலே, "ஏரி அளவுன்னு சொன்னியே, பாப்பா" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்பா காலணியை என்னிடம் தந்துவிட்டு அவன் பக்கமாகக் கையை நீட்டினார்.

"பிடிச்சுக்கடா. எனக்கும் நீச்சல் தெரியாது."