உயிலுக்காக ஒரு நலவிசாரிப்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? பயப்படாதே, மகனாகத்தான் கேட்கிறேன்.

இங்கே என் வேலையே வயதானவர்களை நலம் விசாரித்து, எங்கள் பார்வையற்றோர் பள்ளிக்கு உயிலில் ஏதாவது எழுதிவைக்கச் சொல்வதுதான். ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் தன் வீட்டையே எழுதிவைத்தார். அதன் பிறகும் வாரம் தவறாமல் போய்க்கொண்டிருந்தேன். நேற்று கதவைத் திறந்ததுமே பிடித்துக்கொண்டார்.

"அதான் எழுதி வச்சாச்சே! இருக்கேனா போயிட்டேனான்னு வாராவாரம் வந்து பாக்கணுமா? ஆளும் இப்படி இளைச்சுப் போய் நிக்கறே. உள்ளே வந்து சாப்பிடு!"

வயிறு முட்டச் சாப்பிட்டேன். உயிலுக்காக வரவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்ல? அவர் அச்சு அசலாக உன்னை மாதிரியே திட்டுகிறார்.

என் பழைய போர்வையை அனுப்பு. மேனேஜர் கூப்பிடுகிறார். பதிலில் நலவிசாரிப்பைக் குறைத்து, நாலு வரி திட்டி எழுது.

இப்படிக்கு,
இளைக்கவே இளைக்காத உன் மகன்