ஆட்டத்துக்குச் சேர்க்கப்பட்டு, பரீட்சைக்கு முன் அனுப்பப்படும் பிள்ளைகள்

அனுப்புநர்:
சு. நேசமணி,
க/பெ. சுந்தரராஜ்,
லைன் வீடுகள், ரயில் நிலையம் பின்புறம்,
ஊரிகம், கோலார் தங்கவயல்.

பெறுநர்:
துணை இயக்குநர் அவர்கள்,
பொதுக்கல்வித் துறை,
கோலார்.

பொருள்: ஹாக்கி ஆடுவதற்காக வேறு பள்ளியிலிருந்து அழைத்துச் சேர்த்த பத்தாம் வகுப்பு மாணவியை, ஆட்டம் முடிந்ததும் டி.சி. வாங்கிக்கொண்டு போகச் சொல்வது. அவளைப் பழைய தமிழ்வழிப் பள்ளியில் திரும்பச் சேர்க்க அனுமதி வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. என் கணவர் கனரக இயந்திரத் தொழிற்சாலையில் டர்னர். எங்கள் ஒரே மகள் ஜெயமேரி இந்த வருடம் எஸ்.எஸ்.எல்.சி. படிக்கிறாள். படிக்கிறாள் என்று எழுதிவிட்டேனே தவிர, எந்தப் பள்ளியில் என்று தாங்கள் கேட்டால் இன்றைய தேதியில் என்னிடம் பதில் இல்லை. இந்த மனுவே அதற்காகத்தான்.

2. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை அவள் ஊரிகத்தில் உள்ள தமிழ்வழிப் பள்ளியில் படித்தாள். அங்கே விளையாட்டு ஆசிரியர் திரு. எட்மண்ட் அவளுக்கு ஹாக்கி கற்றுக்கொடுத்தார். போன வருடம் தாலுகா போட்டியில் அந்தப் பள்ளிப் பெண்கள்தான் ஜெயித்தார்கள். ஜெயித்தது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று இப்போது யோசிக்கிறேன். ஜெயித்த பிறகுதான் எங்கள் வீட்டு வாசலில் ஆள் வந்து நின்றது.

3. சென்ற ஜூன் மாதம் பள்ளி திறந்த சமயம், பூதிகோட்டை சாலையில் உள்ள ஒரு தனியார் உயர்நிலைப்பள்ளியின் விளையாட்டு ஆசிரியர் திரு. விநாயக் புது ஹாக்கி மட்டையும் ஷூவும் எடுத்துக்கொண்டு வந்தார். ஃபீஸ் வேண்டாம், புத்தகம் இலவசம், பஸ் ஊரிகம் கேட் வரைக்கும் வரும் என்றார். அது கன்னடவழிப் பள்ளி ஆயிற்றே, என் மகள் தமிழில் அல்லவா படித்தவள் என்று நான் கேட்டேன். அவர் எனக்குப் பதில் சொல்லாமல் ஜெயமேரியிடம் கன்னடத்தில் பேச்சுக் கொடுத்தார். அவளும் படபடவென்று பேசினாள். எங்கள் லைனில் பக்கத்து வீடு கன்னடம், எதிர்வீடு தெலுங்கு. எந்தப் பிள்ளைக்கும் மூன்று மொழியும் வாயில் வரும். என் கணவர் பூரித்துப்போய், "பாரு, தண்ணி பட்ட பாடா பேசுது பொண்ணு. அப்புறம் இன்னா மீடியம் கீடியம்?" என்றார். எங்கள் ஊர்க்காரர்கள் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். வாயில் வரும் மொழி கையிலும் வந்துவிடும் என்று நினைக்கிற ஊர் இது.

4. என் கணவர் நம்பியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் மாமனார் காலஞ்சென்ற மரியகுழந்தை, பந்து நன்றாக ஆடுவார் என்பதற்காகவே சுரங்கத்தில் வேலைக்கு எடுக்கப்பட்டவர். நாங்கள் குடியிருக்கும் வீடும் அப்படி வந்ததுதான். ஆட்டத்துக்கு ஆள் எடுப்பது எங்கள் ஊரில் கௌரவம், ஐயா. ஆகவே ஆள் எடுப்பதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மாமனாருக்கு முட்டி போய், மைதானத்துப் பக்கமே போக முடியாமல் ஆன பிறகும், அவர் ஷிப்டுக்குப் போனார், கேஜ் கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கினார், ரிட்டயர் ஆகும்வரை வேலை இருந்தது. ஆட்டம் நின்றதும் வெளியே போ என்று அவரை யாரும் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் சுரங்கத்தைவிட மோசமாக நடந்துகொள்ளும் என்று நாங்கள் எப்படி எதிர்பார்ப்போம்?

5. எங்கள் மகளோடு சேர்த்துப் பழைய பள்ளி அணியிலிருந்து நான்கு பெண்கள் அந்தத் தனியார் பள்ளிக்குப் போனார்கள். மிச்சமிருந்தவர்களை வைத்துக்கொண்டு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளையும் நிறுத்தி, எட்மண்ட் சார் தாலுகா போட்டிக்கு வந்தார். நானும் பார்க்கப் போயிருந்தேன். பழைய பள்ளிக்கு எதிராக எங்கள் மகளே அடுத்தடுத்துக் கோல் போட்டாள். எனக்குக் கைதட்ட மனம் வரவில்லை. கூடப் படித்த பெண்கள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆட்டம் முடிந்ததும் எட்மண்ட் சார் மட்டும் அவளிடம் வந்து, "ஷூ கடிக்குதா பாப்பா? ஓடறப்ப காலை இழுக்கிறியே," என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று வீட்டுக்கு வந்து அவள் சாப்பிடவில்லை.

6. தனியார் பள்ளி தாலுகாவில் ஜெயித்தது, மாவட்டத்தில் ஜெயித்தது. அதற்கு மேற்பட்ட போட்டியில் செப்டம்பர் மாதம் தோற்றது. தோற்ற மறுநாளிலிருந்து ஊரிகம் கேட்டுக்குப் பஸ் வரவில்லை. டிரைவரைக் கேட்டால் மேலே கேளுங்கள் என்கிறார். மேலே கேட்டால் டீசல் விலை என்கிறார்கள். என் மகள் ரயிலில் பங்காருபேட்டை போய், அங்கிருந்து பஸ் மாறிப் போய்க்கொண்டிருந்தாள். பாதி நாள் முதல் பீரியட் போய்விடும்.

7. தசராவுக்கு முந்தைய பரீட்சையில் அறிவியல் தாளில் அவளுக்குச் சுழி போட்டிருந்தார்கள். மற்றப் பாடங்களும் ஏறக்குறைய அதே கதிதான். விசாரித்தேன். "கேள்வி எல்லாம் தெரிஞ்சதுதாம்மா. ஒவ்வொரு எழுத்தா கன்னடத்துல எழுதறதுக்குள்ள மணி அடிச்சிடும்னு தமிழ்லயே எழுதிட்டேன்," என்றாள். அந்தத் தாளை வாங்கி எட்மண்ட் சார் மூலமாகப் பழைய பள்ளி அறிவியல் ஆசிரியையிடம் காட்டினேன். அவர் படித்துப் பார்த்து, பாஸ் மார்க்குக்கு மேலேயே போடலாம் என்றார். தனியார் பள்ளியில் அதைப் படிக்க ஆளில்லை. ஜூனில் அவளுக்கு என்ன மீடியம் என்று கேட்க ஆளில்லாத பள்ளிதானே அது.

8. விடுமுறை முடிந்து திறந்ததும் வகுப்பு ஆசிரியை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "ரிசல்ட் கெட்டுப்போகுதும்மா. டி.சி. வாங்கிட்டுப் போங்க, பிரைவேட்டா கட்டி எழுதட்டும்," என்றார். எங்கள் பிள்ளையை நாங்களா கொண்டுவந்து விட்டோம், நீங்கள் அல்லவா வந்து கூட்டிப்போனீர்கள் என்றேன். விநாயக் சாரைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் மைதானத்தில் இருக்கிறார் என்றார்கள். போனேன், அங்கே அவர் புதுப் பெண்கள் சிலரை ஓடவிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து வணக்கம் வைத்தார். ஹெட்மாஸ்டர் முடிவு, தன் கையில் ஒன்றும் இல்லை என்றார். அழைக்க வந்தபோது மட்டும் எல்லாமே அவர் கையில்தான் இருந்தது.

9. நால்வரில் இந்துவும் பத்தாவதுதான். அவளையும் போகச் சொல்லிவிட்டார்கள், வீட்டில் இருக்கிறாள். மற்ற இருவரும் ஒன்பதாம் வகுப்பு. அவர்களை யாரும் போகச் சொல்லவில்லை. அடுத்த வருட ஆட்டத்துக்கு வேண்டுமே. இதைவிடத் தெளிவாக அந்தப் பள்ளியின் எண்ணத்தை என்னால் எழுதிக் காட்ட முடியாது.

10. பழைய பள்ளித் தலைமையாசிரியை பெரிய மனதோடு, "கூட்டிட்டு வாங்க, இடம் இருக்கு. ஆனா பத்தாவதுல நடு வருஷம், மீடியமும் மாறுது. கோலார்ல இருந்து ஆர்டர் வந்தாதான் நான் சேர்க்க முடியும்," என்கிறார். தேர்வுக்குப் பெயர் அனுப்பும் சமயம் நெருங்குகிறது. சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு ஊரெல்லாம் கிடக்கிறது. இனி இங்கே ஒரு பிள்ளை கையில் எஸ்.எஸ்.எல்.சி. கூட இல்லாமல் நின்றால் அதற்கு எந்தக் கதவும் திறக்காது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, ஐயா. அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்கிறேன். ஜெயமேரி தன் மட்டையை அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டாள்.

11. ஆகையால் தங்களை வேண்டிக் கேட்டுக்கொள்வது:

ஜெயமேரியையும் இந்துவையும் பழைய தமிழ்வழிப் பள்ளியில் பத்தாம் வகுப்பில் உடனே சேர்த்துக்கொள்ள உத்தரவிட வேண்டும். இந்த வருடம் எந்த அணியிலும் ஆடமாட்டார்கள் என்று எழுதித் தரச் சொன்னாலும் தருகிறோம்.

ஆட்டத்துக்காக ஒரு பிள்ளையை அழைத்துச் சேர்க்கும் பள்ளி எதுவானாலும், அந்தப் பிள்ளையை எஸ்.எஸ்.எல்.சி. எழுதவைக்கும் வரை தன் பிள்ளையாக வைத்திருக்க வேண்டும் என்று கட்டளையிட வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளையை ஆட்டத்துக்காக மீடியம் மாற்றிச் சேர்ப்பதை அடியோடு நிறுத்த வேண்டும். அங்கே இப்போது ஓடிக்கொண்டிருக்கும் புதுப் பெண்களின் தாய்மார்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அவர்களுக்காகவும் கேட்கிறேன்.

12. கன்னடத்தில் ஒரு பிரதி இத்துடன் இணைத்துள்ளேன். பக்கத்து வீட்டு நாகேஷ் எழுதித் தந்தார். விசாரணைக்கு அழைத்தால் மகளோடு வருகிறேன். நடந்ததையெல்லாம் அவளே தங்கள் முன் நின்று கன்னடத்தில் தங்குதடையில்லாமல் சொல்வாள். அவளை எழுதிக்கொடு என்று மட்டும் தயவுசெய்து கேட்க வேண்டாம்.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து நிற்கும்,

(ஒப்பம்)
சு. நேசமணி
ஜெயமேரியின் தாய்

இடம்: ஊரிகம்
நாள்: 30.10.2000