எது மிதக்குதோ அதில் வரலாம்

அன்பு மகள் அஸ்வினிக்கு, அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் மாடு கன்றுகளும் இங்கே சுகம். அந்த ஜெர்மனிக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் இருமல் சளி இல்லாமல் இருக்க அழகரை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் உன் அப்பா பக்கத்தில் நின்று கதையைத் திருத்துவார், அதனால்தான் உன் சித்தி மகன் முத்துக்குமரன் கொண்டுவரும் மிளகாய்ப்பொடிப் பையில் இதை வைத்து அனுப்புகிறேன்.

இந்த வருஷம் நம் கண்மாய் நிறைந்து மறுகால் போனது. வழக்கம்போல மிதவைப் போட்டி வரும் என்று நானும் பக்கத்து வீட்டுச் செல்லத்தாயும் பழைய கட்டில் சட்டத்துக்கு அடியில் இரண்டு நீல ட்ரம்மைக் கட்டித் தயாராக வைத்திருந்தோம். அதற்குள் தூத்துக்குடிப் பக்கமிருந்து ஒரு பைபர் படகுக் கம்பெனிக்காரர் வந்தார். கப்பு தருகிறோம், பந்தல் போடுகிறோம், எல்லாருக்கும் பனியன் என்றார். ஒரே நிபந்தனை, எங்கள் கம்பெனிப் படகு மட்டும்தான் தண்ணீரில் இறங்கவேண்டும், அதை ஓட்டுகிறவர்களையும் நாங்களே பொறுக்குவோம் என்றார். கமிட்டித் தலைவர் யார், உன் அப்பாதானே, பனியனைப் போட்டுப் பார்த்துக்கொண்டே தலையாட்டிவிட்டார். வாழைத்தண்டு கட்டுகிற டெய்லர் பேயாண்டி அண்ணன் முதல் லாரி ட்யூபில் வருகிற பொடிசுகள் வரை எல்லாரும் வெளியே. நான் சண்டைக்குப் போனதற்கு, கம்பெனி பேச்சை மீற முடியாது, நீ கரையில நின்னு கை தட்டு போதும் என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது அஸ்வினி. வருஷம் பூரா அடுப்படியும் மாட்டுக்கொட்டமுமாகக் கிடக்கிறவளுக்கு அந்த ஒரு நாள்தானே. அன்றிலிருந்து உன் அப்பாவுக்கு மீன் குழம்பு கிடையாது, வெறும் ரசம்தான்.

போட்டி நாளன்று, தண்ணீரில் இறங்கும் எதையும் குளிப்பாட்டிச் சந்தனம் வைக்காமல் விடக்கூடாதே. கம்பெனிக்காரர் பந்தலில் பிரியாணி சாப்பிடப் போன நேரத்தில் உன் அப்பா எல்லாப் படகையும் தேய்த்துக் கழுவினார். உள்ளே நின்ற தண்ணீர் வடியட்டும் என்று பின்பக்கத் திருகுமூடிகளையும் கழற்றினார். நம் கட்டில் சட்டத்துக்கும் வாழைத்தண்டுக்கும் அப்படி ஒரு மூடி உண்டா என்ன, திரும்ப மாட்டவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அந்த ஓட்டையிலேயே அழகாக ஒரு செவ்வந்திப் பூவைச் செருகிப் பொட்டும் வைத்துவிட்டார்.

முதல் படகில் கொடியோடு அவரே ஏறினார். பாதிக் கண்மாய் போனதும் படகுகள் ஒவ்வொன்றாக எருமை மாதிரித் தண்ணீருக்குள் உட்கார ஆரம்பித்தன. நல்லவேளை, அங்கே கழுத்தளவு ஆழம்தான். தலைவர் தொப்பியோடு நிற்கிறார், கரையில் கம்பெனிக்காரர் ஆத்திரத்தில் குதிக்கிறார். ஊரே தன் தன் மிதவையைத் தள்ளிக்கொண்டு இறங்கியது. நாங்களும் போனோம். கையக் குடு தாயி, ஏறிக்கிறேன் என்றார் உன் அப்பா. நான் துடுப்பை நிறுத்திவிட்டு, இது கம்பெனிப் படகு இல்லையே, ட்ரம்மு, இதுல நீங்க ஏறலாமா என்று கேட்டேன். செல்லத்தாய் சிரிப்பை அடக்கமுடியாமல் தண்ணீரில் விழப்போனாள். உன் அப்பா என்னையே பார்த்தார், பிறகு கரை வரைக்கும் கேட்கிற மாதிரி, எல்லாரும் வாங்கப்பா, எது மிதக்குதோ அதுல வாங்க, போட்டி எல்லாத்துக்கும் பொது என்று கத்தினார். அப்புறம்தான் கை கொடுத்தேன்.

அங்கிருந்தே போட்டி ஆரம்பமாகிவிட்டது. பேயாண்டி அண்ணனின் வாழைத்தண்டு ஜெயித்தது. உன் அப்பாவின் கனத்தை ஏற்றிக்கொண்டு நாங்கள் கடைசி. அம்புட்டுச் சந்தோஷமாக நான் என்றைக்கும் தோற்றதில்லை.

அடுத்த வருஷமும் கப்பு தருகிறோம், அதே நிபந்தனை என்று கம்பெனியிலிருந்து நேற்று போன் வந்தது. உன் அப்பா சொன்ன பதில், தாராளமா வாங்க தம்பி, நீங்களும் எதையாச்சும் கட்டிக்கிட்டு வந்து வரிசையில நில்லுங்க.

ராத்திரி மீன் குழம்பு வைத்தேன்.

மாப்பிள்ளையும் நீயும் குறைவில்லாமல் நிறைந்து வாழவேண்டும். மிளகாய்ப்பொடியில் ஈரக் கரண்டி போடாதே.

உன் அம்மா,
தங்கப்பொண்ணு