‘குணமாகவில்லை’ பக்கம்

சங்கரன்கோவில்,
ஆவணி 6.

அன்புள்ள செல்வி அக்காவுக்கு,

ஹஸ்னா எழுதுவது. அல்லாவின் கிருபையில் இங்கே எல்லோரும் சுகம். உங்கள் உடம்பு தேறி, கோயம்புத்தூர் குளிர் ஒத்துக்கொண்டு, மருமகள் சுமதி வைக்கிற ரசமும் உங்களுக்குப் பிடித்துப்போயிருக்க வேண்டும் என்று துஆ செய்கிறேன். கடைசியாகச் சொன்னது நடக்காது என்று எனக்கும் தெரியும்.

எப்போது போன் போட்டாலும் சுமதிதான் எடுக்கிறாள். அத்தை தூங்குகிறார்கள் என்கிறாள். காலையிலும் தூங்குகிறீர்கள், சாயங்காலமும் தூங்குகிறீர்கள். இத்தனை வருஷப் பழக்கத்தில் நீங்கள் பகலில் கண்ணை மூடி நான் பார்த்ததில்லை. அதனால்தான் கடிதம் எழுத உட்கார்ந்தேன். தபாலில் வந்ததைப் பிரிக்காமல் வைப்பதற்கு உங்களுக்கு மனசு வராது.

விஷயத்துக்கு வருகிறேன். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் குருநாதன் சார் நேற்று எங்கள் பிரஸ்ஸுக்கு வந்தார். நீங்கள் நடத்திய ‘கைப்பக்குவம்’ வைத்தியப் பத்திரிகையின் பழைய வாசகர்கள் எல்லாம் சேர்ந்து உங்களுக்கு எடுக்கிற பாராட்டு விழா, புரட்டாசி முதல் ஞாயிற்றுக்கிழமை என்று மண்டபம் பேசியாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் நீங்கள் எழுதிய கார்டு அவர் கைக்கு வந்திருக்கிறது. ‘விழா வேண்டாம், மன்னிக்கவும்.’ இவ்வளவுதான். மாதாமாதம் அத்தனை பக்கம் எழுதித் தள்ளியவருக்கு இதற்கு மேல் ஒரு வரி வரவில்லையா அக்கா? சார் முகம் வாடிப்போய்விட்டது. ராயகிரியிலிருந்தும் கரிவலத்திலிருந்தும் வேன் பிடித்து வருகிறோம் என்று சொன்னவர்களுக்கு என்ன பதில் சொல்லட்டும் என்று என்னிடம் கேட்கிறார்.

நீங்கள் ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாதா? எல்லாம் அந்த ஆபரேஷனால்தான். சின்ன ஆபரேஷன் என்று சுமதி மேலோட்டமாகச் சொன்னாள். நம் வயசுப் பெண்களுக்கு வேறு என்ன, கர்ப்பப்பையை எடுத்திருப்பார்கள். எங்கள் தெருவில் அதை எடுக்காதவர்களைத்தான் தேட வேண்டும். இதற்குப் போய் ஊர்ப் பக்கமே தலைகாட்டாமல் இருப்பார்களா?

ஊரில் பேச்சு இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். மெடிக்கல் ஷாப் சங்கரசுப்பு அண்ணாச்சி, “ஊருக்கெல்லாம் கசாயம் சொன்ன அம்மா, கடைசியில டாக்டர் கத்திக்குத்தான போனாவ” என்று நாலு பேர் நிற்கும்போது சிரித்தார். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. “ஆஸ்பத்திரிக்குப் போகாதீயன்னு அவங்க எழுதின ஒரே ஒரு புஸ்தகத்தை எடுத்துக் காட்டுங்க அண்ணாச்சி, நான் பிரஸ்ஸ மூடிருதேன்” என்றேன். அதற்குப் பிறகு அவர் சில்லறை எண்ணுவது போலக் குனிந்துகொண்டார்.

நீங்கள் எங்கள் பிரஸ்ஸுக்கு முதல்முதலாக வந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. அப்போது உங்களுக்குக் குருவிகுளம் யூனியன் ஆபீஸில் வேலை. தினமும் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடம் கேட்ட வைத்தியத்தையெல்லாம் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதி, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாகக் கொண்டுவந்தீர்கள். எங்கள் வீட்டுக்காரர் யாகூப் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “என்னம்மா, பஸ் கம்பெனி நோட்டீஸா?” என்று கேட்டார். இதை அச்சடித்தால் யார் வாங்குவார்கள் என்று என்னிடம் தனியாக முணுமுணுத்தார். அந்த மனுஷன்தான் பிறகு சளி பிடித்தால் போதும், போன வருஷ இதழ் எங்கே என்று வீட்டைத் தலைகீழாக்குவார்.

இதழ் அனுப்புகிற நாள் ஞாபகம் இருக்கிறதா? மைதாப் பசை காய்ச்சி வைத்துக்கொண்டு விலாசம் ஒட்டுவோம். பேன் போட்டால் காகிதம் பறக்கும் என்று சித்திரை வெயிலிலும் நீங்கள் பேன் போட விடமாட்டீர்கள். வேர்வை ஊற்ற ஊற்ற ஒட்டி முடித்து, ஆளுக்கு ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டுப் போஸ்ட் ஆபீஸுக்குச் சுமந்துபோவோம். ஆடித்தபசுத் திருவிழா வந்தால் ரதவீதி ஓரத்தில் பெஞ்சு போட்டு விற்பீர்கள். சாமியைப் பார்க்கிற அவசரத்தில் ஒருவரும் வாங்க மாட்டார்கள். திரும்பும்போது கால்வலியோடு வந்து வாங்குவார்கள். கால்வலி இதழைத் தபசுக்கென்றே மேலாக அடுக்கிவைக்கிற சாமர்த்தியம் உங்களுக்குத்தான் வரும். இந்தத் தபசுக்கு நான் அந்த இடத்தைத் தாண்டிப் போனேன். செல்போன் கவர் விற்கிறார்கள்.

இதெல்லாம் இருக்கட்டும். விழா மலர் வேலை என்னிடம்தான். அதில்தான் சாருக்கும் எனக்கும் சண்டை. பழைய இதழ்களிலிருந்து மற்ற எல்லாம் போடலாம், கடைசிப் பக்கம் மட்டும் வேண்டாம், நல்ல காரியத்தில் எதற்கு அது என்கிறார்.

விடுவேனா? அந்தக் கடைசிப் பக்கம்தானே அக்கா நம் பத்திரிகை. வைத்தியம் பலித்தவர்கள் கடிதத்தைப் போடாத பத்திரிகை எது? பலிக்காதவர்கள் பெயரை, ஊரை, என்ன செய்தார்கள், என்ன ஆனது என்பதை ‘குணமாகவில்லை’ என்று தலைப்பு வைத்து மாதம் தவறாமல் போட்டது நீங்கள் ஒருவர்தான். லேகியக் கம்பெனிக்காரர் வந்து, அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டால் வருஷம் முழுவதும் விளம்பரம் தருகிறேன் என்று சொன்னபோது, அவருக்கு மோர் கொடுத்து வழியனுப்பினீர்கள். ஆடு மேய்க்கிற ஆறுமுகச்சாமி, ‘நீங்க சொன்ன கசாயத்துக்கு இருமல் நிக்கல’ என்று எழுதியதை அப்படியே அச்சடித்தீர்கள். அதோடு விடாமல் லீவு போட்டு அவரைக் கையோடு கூட்டிப்போய்ச் சளி டெஸ்ட் எடுக்கவைத்தீர்கள். டி.பி. என்று தெரிந்து, மாத்திரை சாப்பிட்டு, இன்றைக்கும் ஆடு மேய்க்கிறார். விழாவில் உங்களுக்கு முதல் மாலை தான்தான் போடுவதாகச் சாரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

சாரிடம் இதையெல்லாம் சொன்னேன். கடைசியில் உன் இஷ்டம் என்றுவிட்டார். மலரில் அந்தப் பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். தலைப்பு மட்டும் இருக்கிறது. நீங்கள் வந்து, என்ன எழுதுவீர்களோ எழுதுங்கள். ஆபரேஷன் பற்றி எழுத வேண்டும் என்றாலும் எழுதுங்கள். வருகிற ஜனங்கள் அந்தப் பக்கத்தைப் படித்துத்தான் உங்களை நம்பினவர்கள்.

எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. எனக்கு ரம்ஜானிலிருந்து இடது அக்குளில் நெறி கட்டினது போல இருக்கிறது. வலி இல்லை. நம் இதழில் வந்த மூலிகைப் பற்றுதான் போட்டு வருகிறேன். இவரிடம் சொல்லவில்லை, சொன்னால் பதறிவிடுவார்.

அக்கா, வந்துவிடுங்கள். நீங்கள் இல்லாமல் உங்கள் போட்டோவுக்கு மாலை போடுகிற விழாவை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. உங்கள் ஆயுசு நீள எப்போதும் துஆ செய்கிறவள்,

ஹஸ்னா பானு

*

கோயம்புத்தூர்,
ஆவணி 10.

அன்புள்ள ஹஸ்னாவுக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதம் இன்று மத்தியானம் வந்தது. பேன் போடாத கதை வரைக்கும் சிரித்துக்கொண்டுதான் படித்தேன். அக்குள் என்று எழுதியிருந்த இடத்துக்கு வந்ததும் ஐயோ என்று சத்தம் போட்டுவிட்டேன். சுமதி ஓடிவந்து என்ன அத்தை என்றாள். அதனால் மற்ற கதைகளுக்கெல்லாம் பதில் பிறகு எழுதுகிறேன். முதலில் அந்தக் காலிப் பக்கத்துக்கு இதை வைத்துக்கொள். ஒரு வார்த்தையையும் மாற்றாதே.

‘பெயர்: இசக்கிசெல்வி. ஊர்: சங்கரன்கோவில். தொந்தரவு: இடது மார்பில் கட்டி, வலி இல்லை. செய்தது: நமது இதழில் வந்த பற்று, ஏழு மாதம். பலன்: குணமாகவில்லை. கட்டி அக்குள் வரை பரவி, மார்பை எடுக்க வேண்டியதாயிற்று. சிகிச்சை தொடர்கிறது. முதலிலேயே வந்திருந்தால் இவ்வளவு எடுத்திருக்க வேண்டாம் என்றார் டாக்டர். வாசகர்களுக்கு: கட்டி எதுவானாலும் பற்றுப் போட்டுக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே டாக்டரிடம் காட்டவும்.’

ஆபரேஷனுக்காக நான் வெட்கப்படவில்லை ஹஸ்னா. சங்கரசுப்பு சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். ஆறுமுகச்சாமியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவள், என்னை நானே இழுத்துக்கொண்டு போகவில்லையே. அந்த வெட்கத்தில்தான் கார்டு எழுதினேன். வைத்தியத்தின் மேல் நம்பிக்கை போய்விடவில்லை. சுமதியின் ரசம் செரிக்க இப்போதும் சுக்குதான் கைகொடுக்கிறது. எதற்கு எது என்று தெரிந்த நானே என் விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டேன்.

உனக்கு ஒன்றும் இருக்காது. வெறும் நெறியாகத்தான் இருக்கும், சங்கரன்கோவில் கோமதி அம்மனையும் உன் அல்லாவையும் சேர்த்தே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் இந்தக் கடிதத்தைப் படித்த கையோடு அந்தப் பற்றைக் கழுவிவிட்டு யாகூப்பிடம் சொல்லு. அவர் பதறட்டும், பதறுவதற்குத்தான் புருஷன். நாளைக்கே இரண்டு பேரும் பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டாக்டர் பார்த்துவிட்டார் என்று எனக்குப் போன் வர வேண்டும். நானே எடுப்பேன், தூங்க மாட்டேன்.

அந்தப் போன் வந்தால் நான் டிக்கெட் எடுக்கிறேன். வராவிட்டால் குருநாதன் சார் ஆயிரம் வேன் வைத்தாலும் அந்த மேடையில் என் கால் படாது. ஏட்டி, இது மிரட்டல்தான்.

நான் எழுதியது போக அந்தப் பக்கத்தில் பாதி இடம் மிச்சம் இருக்கும். காலியாக இருக்கிறதே என்று எதையாவது போட்டு நிரப்பப் பார்ப்பாய். வேண்டாம், அப்படியே விட்டுவிடு. என் பெயருக்குக் கீழே இன்னொரு பெயர் வராமல் இருந்தால் போதும், எனக்கு அதுதான் மாலை.

நீ நன்றாக இருக்க வேண்டும் மக்கா.

செல்வி அக்கா