இடது கைக்குப் பத்து நாள்

மார்ச் 4, 2024 – திங்கள்

வெள்ளவத்தையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் போனோம். பக்கவாதம் வந்து நாலு மாதம். என் கணவர் சாந்தனின் இடது கை இன்னும் மடியில்தான் கிடக்கிறது. டொக்டர் ஷிம்னா அவருடைய தலையின் வலப்பக்கத்தில் ஒரு கம்பிச் சுருளை வைத்து, ஒரே ஒரு காந்தத் துடிப்புக் கொடுத்தார். டக். இடது கைப் பெருவிரல் துள்ளியது. மூளையிலிருந்து கைக்குப் போகும் வழி முழுதாக அறுந்துபோகவில்லையாம். வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன்.

மார்ச் 5

சிகிச்சை மூளையின் அடிபட்ட பக்கத்துக்கு இல்லை, நல்ல பக்கத்துக்கு. ஏனென்று டொக்டரிடம் கேட்டேன். மூளையின் இரண்டு பாதியும் ஒன்றையொன்று அடக்கிச் சமமாக வைத்திருக்குமாம். ஒன்று பழுதானால் மற்றது அளவுக்கு மிஞ்சி அடக்கிவிடுமாம்.

“நல்ல பக்கத்தைக் கொஞ்சம் அமத்தினா மத்தது எழும்பப் பாக்கும், அன்ரி. ஆனா எல்லாருக்கும் சரிவரும் எண்டு சொல்லேலா.”

இருபது நிமிடம் டக், டக். பிறகு கைப்பயிற்சி.

மார்ச் 8

ஒரு மாற்றமும் இல்லை.

மார்ச் 11

சட்டைக்குப் பொத்தான் பூட்டப் போனேன். என் கையைத் தட்டிவிட்டார்.

“நாலு மாசமா எல்லாம் நீர்தான் செய்யிறீர். எனக்கெண்டு என்னத்தை விட்டனீர்?”

ஆருக்காகச் செய்யிறன்? எனக்காகவோ? நானும் மனிசிதானே — எனக்குக் களைக்காதோ?

மார்ச் 12

டொக்டரிடம் சொன்னேன். காந்தம் வழியை இளக்கித்தான் விடுமாம். அதில் நடக்க வேண்டியது கைதானாம். அவரைச் செய்ய விடச் சொன்னார். பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கும் என்றும் சொன்னார்.

வீட்டில் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். ஒரு பொத்தானுக்குப் பதினொரு நிமிடம்.

மார்ச் 15

கடைசி நாள். முதல் நாள் பயிற்சியில் ஒரு சின்ன மரக்கட்டையையும் தூக்க முடியாத கை இன்று நாலு தூக்கியது. காந்தத்தாலா, பயிற்சியாலா, நாள் போனதாலா? தனக்கே பிரித்துச் சொல்ல முடியாது என்றார் டொக்டர். எனக்கு அது பிடித்திருந்தது.

ஏப்ரல் 7 – ஞாயிறு

கதவை இடது கையால் இழுத்துச் சாத்திவிட்டு, சாந்தன் தனியாகக் கடற்கரைக்குப் போனார். போனை மேசையில் விட்டுவிட்டார். மறதியோ, வேண்டுமென்றோ, தெரியாது.

இரண்டு தரம் பல்கனியில் போய்ப் பார்த்தேன். பிறகு போகவில்லை. எனக்கு மட்டும் தேத்தண்ணீர் ஊற்றி, உட்கார்ந்து, சூடாகவே குடித்து முடித்தேன். நவம்பருக்குப் பிறகு இதுதான் முதல் தரம்.